சிரிப்பும் பாட்டும் பிரிந்த கதை

இயல், இசை, நாடகம் என்னும் மூன்றையும் முத்தமிழ் என்ற ஒரே சொல்லில் கட்டிச் சொல்வது நம்மவர் வழக்கம். ஆயினும் வெளிமாநிலங்களில் நடக்கும் தமிழ்ச் சங்க ஆண்டு விழாக்களின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தால், முதல் நாள் மாலை இசைக் கச்சேரி, மறுநாள் மாலை நகைச்சுவை நாடகம் என்று இவை தனித்தனியே வந்து போவதைக் காண்கிறோம். கச்சேரியில் சிரிப்புக்கு இடமில்லை; நாடகத்தில் பாட்டுக்கு இடமில்லை. இதுவே இயற்கை என்று எண்ணவும் பழகிவிட்டோம்.

ஆனால் நாம் பிழைப்புக்காக வந்து குடியேறிய இந்த மராட்டிய மண்ணில் நிலைமை வேறு. இங்கே பாடிக்கொண்டே சிரிக்க வைக்கும் நாடகங்கள் 1882 முதல் இன்று வரை மேடையேறி வருகின்றன. அவற்றை இன்று தாங்கி நிற்பவர்களில் பெரும்பாலோர் பகலில் அலுவலகத்திலும் பள்ளியிலும் வங்கியிலும் உழைத்துவிட்டு, மாலையில் ஒத்திகைக்குக் கூடும் பயில்முறைக் கலைஞர்களே. நம்மைப் போன்றவர்களே. அவர்கள் காத்துக்கொண்ட ஒன்றை நாம் எங்கே, எவ்வாறு கைவிட்டோம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தஞ்சை அரண்மனையில் ஐந்து மொழிகள்

தமிழில் நகைச்சுவைக்குத் தாழ்ந்த இடம் தரப்பட்டதில்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை அடுக்குமிடத்து நகையையே முதலில் வைக்கிறார். பிற்காலத்தில் எழுந்த பள்ளும் குறவஞ்சியும் நொண்டி நாடகமும் பாட்டும் சிரிப்பும் ஒன்றாய்ப் பிசைந்தவை. முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் பாட்டிலேயே ஏசிக்கொள்கின்றனர். நடுவில் அகப்பட்ட பள்ளனும், அவனை அதட்டும் பண்ணைக்காரனும் கேட்போரைச் சிரிக்க வைக்கின்றனர். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், காணாமற்போன சிங்கியைத் தேடிவரும் சிங்கன், அவள் உடலில் புதிதாய் ஏறியிருக்கும் நகைகளைக் கண்டு ஒவ்வொன்றையும் ஐயத்துடன் கேட்க, அவள் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்கிறாள். கணவனின் ஐயமும் மனைவியின் சாதுரியமும் சந்தத்தில் மோதுவதுதான் அங்கே நகைச்சுவை. இக்காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். வேறொரு மொழியில் இதன் உறவினரைப் பின்னர்ச் சந்திக்க இருக்கிறோம்.

இவ்வகை நாடகங்கள் செழித்த காலத்தில் தஞ்சையை ஆண்டவர்கள் மராட்டியர். 1676-இல் ஏகோஜி தொடங்கிய அவ்வாட்சி 1855 வரை நீடித்தது. அவர் மகன் சகஜி 1684 முதல் 1712 வரை அரசாண்டவர். தாமே நாடகங்கள் இயற்றியவர். அவருடைய தாய்மொழி மராத்தி. அரண்மனையின் இலக்கிய மொழி தெலுங்கு. குடிகளின் மொழி தமிழ். இம்மூன்றுக்கும் நடுவே வாழ்ந்த அவர் இயற்றிய ‘பஞ்சபாஷா விலாசம்’ என்னும் இசை நாடகத்தில், பல நாட்டு இளவரசியர் தத்தம் மொழியிலேயே பாடியும் பேசியும் வருகின்றனர். தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி, வடமொழி ஆகிய ஐந்தும் ஒரே மேடையில் உலவுகின்றன. அவரது ‘சதிதான சூரம்’ என்னும் தெலுங்கு நாடகமோ, மன்னார்குடித் திருவிழாவுக்கு வந்த கற்றறிந்த அந்தணர் ஒருவர் தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்த ஒருவனின் மனைவியைக் கண்டு மயங்கித் தம் கல்வியையெல்லாம் காற்றில் விடும் கூத்தைப் பாட்டாலேயே எள்ளி நகையாடுகிறது. அரசர் ஒருவர் இத்தகைய பொருளை எடுத்து நாடகமாக்கியது, அக்காலத்து அரங்கில் சிரிப்புக்கு இருந்த உரிமையைக் காட்டுகிறது.

கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நிகழ்ந்தது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தமிழின் குறவஞ்சி வடிவத்தை எடுத்து மராத்தியில் ‘தேவேந்திரக் குறவஞ்சி’ இயற்றினார். அதில் குறத்தி சொல்வது குறியன்று, உலகப் பூகோளம். 1860-களில் மராட்டியக் கீர்த்தனக் கலைஞரான மோர்கர் பாவா தஞ்சைக்கு வந்தார். அவர் வழியைத் தழுவித் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் வளர்த்த ஹரிகதையில் சாகி, திண்டி, ஓவி முதலிய மராத்திச் சந்தங்கள் தமிழ்நாட்டுச் செவிகளுக்குப் பழக்கமாயின. இதே சாகியும் திண்டியும் மராட்டிய இசை நாடகத்திலும் நிறைந்துள்ளன. ஆகவே புணேயில் ஒரு பழைய நாடகத்தைக் கேட்கும் தமிழருக்கு, சொல் புரியாவிடினும் சந்தம் எங்கோ கேட்டதுபோல் தோன்றுமாயின், அது வெறும் மயக்கமன்று.

ஓர் அலுவலகப் பணியாளர் தொடங்கிய மரபு

மராத்தி நாடகத்தின் பிறப்பாண்டாக இங்குள்ளோர் கொண்டாடுவது 1843. அவ்வாண்டில் சாங்லி நகரில் விஷ்ணுதாஸ் பாவே ‘சீதா சுயம்வரம்’ என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். தஞ்சை அரண்மனையின் மராத்தி நாடகங்கள் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தவை. எனினும் அவை ஏட்டிலும் அரண்மனையிலும் நின்றுவிட்டன. மக்கள் மேடைக்கு வந்தது சாங்லியில்தான். பாவேயின் முறையில் பாடுபவர் சூத்திரதாரர் ஒருவரே. பாத்திரங்கள் அப்பாட்டுக்கு ஏற்ப நடித்துப் பேசுவர்.

பாத்திரங்களே பாடும் முறையைக் கொணர்ந்தவர் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர். 1843-இல் பெல்காம் மாவட்டத்து ஊரான குர்ல்ஹோசூரில் பிறந்த இவர் ஆசிரியராக இருந்தவர். பின்னர் வருவாய்த் துறை ஆணையர் அலுவலகத்தில் பணியாற்றியவர். கன்னடமும் மராத்தியும் கலந்த எல்லைப் பகுதியில் வளர்ந்தமையால் கருநாடக மெட்டுகள் அவருக்கு அந்நியமல்ல. பார்சி நாடகக் குழு நடத்திய ‘இந்திரசபா’வைக் கண்ட பின்னர், இதைப் போன்று நம் மொழியில் ஏன் கூடாது என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது என்பர். 1880 அக்டோபர் 31 அன்று புணேயில் காளிதாசரின் சாகுந்தலத்தை மராத்தி இசை நாடகமாக அரங்கேற்றினார். கோப்புகளைப் பார்த்துக் குறிப்பெழுதும் உத்தியோகத்திலிருந்த ஒருவர் ஒரு மாநிலத்தின் அரங்க வரலாற்றையே திருப்பியிருக்கிறார் என்பது, அதே வகை உத்தியோகத்தில் காலம் கழிக்கும் நம்மனோர்க்குச் சிறிது ஊக்கம் தரும் செய்தியாகும்.

இரண்டாண்டுகள் கழித்து, 1882-இல், அவர் படைத்த ‘சௌபத்ரம்’ மேடையேறியது. சுபத்திரையை அருச்சுனன் மணந்த கதை நமக்குப் புதிதன்று. பலராமர் தங்கையைத் துரியோதனனுக்குக் கொடுக்க எண்ணுகிறார். கண்ணனோ அண்ணனை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாமல், அவர் கையாலேயே காரியத்தைக் கெடுக்கத் திட்டமிடுகிறான். துறவி வேடத்தில் வரும் அருச்சுனனை உண்மைத் துறவி என்று நம்பிப் பலராமரே வணங்கி வரவேற்று, தங்கையையே பணிவிடைக்கு அமர்த்துகிறார். அவையோருக்கு எல்லாம் தெரியும். பலராமருக்கு மட்டும் தெரியாது. நகைச்சுவை பிறப்பது இங்கேதான். தனியே ஒரு கோமாளி வந்து துணுக்குச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. கடவுளரும் வீரரும் நம் வீட்டு அண்ணன் தங்கைகளாய், அத்தை பிள்ளைகளாய்ப் பாடிப் பேசுகின்றனர். நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள் கொண்ட இந்நாடகத்தை இன்று ஆடும் குழுக்கள் பலவற்றைக் குறைத்துக்கொள்கின்றன. கதையின் சிரிப்பை மட்டும் குறைப்பதில்லை.

பாரிசிலிருந்து புணே வரை

கிர்லோஸ்கர் 1885-இல் மறைந்தார். அவரிடம் பயிற்சி பெற்ற கோவிந்த் பல்லாள் தேவல் இம்மரபை அடுத்த படிக்கு உயர்த்தினார். செல்வமுள்ள கிழவருக்குச் சிறுமியை விற்கும் கொடுமையைச் சாடும் ‘சாரதா’ 1899-இல் வெளிவந்தது. கண்ணீர் வரவழைக்க வேண்டிய அப்பொருளில், மணமகனாகத் துடிக்கும் கிழவரின் ஒப்பனையையும் தரகரின் தந்திரத்தையும் காட்டிச் சிரிக்க வைத்தே சிந்திக்கச் செய்தார் தேவல்.

அவருடைய ‘சம்சய கல்லோலம்’ நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அதன் மூலம் பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியேர் 1660-இல் பாரிசில் நடத்திய ஒரு சிறு நாடகம். அது ஆர்தர் மர்பி என்பவரின் கையில் 1761-இல் ஆங்கில நாடகமாயிற்று. அதைத் தழுவித் தேவல் முதலில் உரைநடையாக எழுதினார். பின்னர்ப் பாட்டுகளைச் சேர்க்க, 1916-இல் கந்தர்வ நாடக மண்டலியார் அதை மேடையேற்றினர். அவ்வாண்டிலேயே தேவல் காலமானார்.

கதை இதுதான். பால்குணராவ் என்பவர் மயங்கி விழுந்த இளம்பெண் ஒருத்திக்கு உதவுகிறார். அதைக் கண்ட அவர் மனைவி கிருத்திகைக்குக் கணவர்மேல் ஐயம். அப்பெண் தவறவிட்ட ஓர் ஆடவனின் படம் கிருத்திகை கைக்குக் கிடைக்கிறது. அவள் அதைப் பார்த்து நிற்பதைக் கண்ட கணவருக்கு மனைவிமேல் ஐயம். படத்துக்குரிய அசுவின்சேட்டுக்குத் தன் காதலி ரேவதிமேல் ஐயம்; ரேவதிக்கு அவன்மேல் ஐயம். நால்வரில் ஒருவரும் குற்றம் செய்யவில்லை. நால்வரும் நிம்மதியாய் இல்லை. பாத்திரங்களின் பெயர்களையெல்லாம் மாதங்களிலிருந்தும் நட்சத்திரங்களிலிருந்தும் எடுத்து வைத்தது தேவலின் குறும்பு. ரேவதியாகப் பால கந்தர்வரும், பால்குணராவாகக் கணபதராவ் போடசும் புகழ் பெற்றனர்.

இதில் பாட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வீண் ஐயத்தில் உழல்பவர் தம் துன்பத்தை உலகிலேயே பெருந்துன்பமாக எண்ணுவது மனித இயல்பு. அதை வசனத்தில் சொன்னால் புலம்பலாகும். உயர்ந்த இராகத்தில், முறையான தாளத்தில், உள்ளம் உருகப் பாடினால், அப்பெருமிதத்துக்கும் அற்பக் காரணத்துக்கும் உள்ள இடைவெளியே சிரிப்பாகிறது. பாட்டைக் கேட்டுத் தலையசைக்கும் அவையினர், அதே நொடியில் பாடுபவரின் பேதைமையைக் கண்டு நகைக்கின்றனர். குற்றாலத்துச் சிங்கனும் புணேயின் பால்குணராவும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் ஐயுறும் கணவனைச் சந்தத்தில் நிறுத்திச் சிரிக்க வைக்கலாம் என்ற அறிவு இருவர் பின்னும் நின்ற புலவர்களுக்கு இருந்தது.

மராட்டியர் எவ்வாறு காத்தனர்?

1930-களில் பேசும் படம் வந்தபோது மராட்டிய நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. அத்தோடு இசை நாடகமும் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1943-இல் சாங்லியில் மராத்தி நாடக நூற்றாண்டு விழா எடுத்தனர். 1954-இல் அன்றைய பம்பாய் அரசு பயில்முறைக் குழுக்களுக்காக மாநில நாடகப் போட்டியைத் தொடங்கியது. பின்னாளில் இசை நாடகத்துக்கென்றே தனிப் போட்டியும் ஏற்பட்டது. ஊர்தோறும் உள்ள சிறு குழுக்கள் பழைய நாடகங்களைக் கையில் எடுத்தன. பத்திரிகையாளரான வித்யாதர் கோகலே 1960-இல் ‘சுவர்ணதுலா’ என்னும் புது இசை நாடகத்தை எழுதினார். சத்தியபாமை தன் செல்வத்தையெல்லாம் தராசில் ஏற்றியும் கண்ணனுக்கு ஈடாகாது திகைத்த கதையே அதற்குப் பொருள்.

இவர்கள் கையாண்ட வழி எளிது. ஒரு ஹார்மோனியம் அல்லது ஆர்கன், ஒரு தபேலா, ஒன்றிரண்டு திரைச்சீலை. இரவு முழுதும் நடந்ததை மூன்று மணி நேரத்துக்குள் சுருக்கினர். பாடத் தெரிந்தவர்க்கு நடிப்பையும், நடிக்கத் தெரிந்தவர்க்குப் பாட்டையும் கற்பித்தனர். தாத்தா பாடிய பாட்டைப் பேத்தி பாடுகிறாள். தொழில்முறை மேடை கைவிட்ட பொருளைப் பயில்முறை மேடை தத்தெடுத்துக்கொண்டது.

நம் மேடையில் நிகழ்ந்தது

தமிழ் மேடையில் நடந்தது இதற்கு மாறானது. சங்கரதாஸ் சுவாமிகள் போன்ற பேராசிரியர்களின் நாடகங்கள் பாட்டாலேயே நிறைந்தவை. ஆயினும் அக்காலக் கம்பெனி நாடகங்களில் நகைச்சுவை பெரும்பாலும் பபூனின் தனிப்பங்காக ஒதுங்கியது. கதைக்கும் அவனுக்கும் தொடர்பு குறைவு. கதை அழ வைக்கும், பபூன் சிரிக்க வைப்பான். பிரிவினையின் முதற்கோடு இங்கே விழுந்தது.

இரண்டாம் கோடு படித்தவர் சபைகளில் விழுந்தது. 1891-இல் பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் நடத்திய கிருஷ்ணமாசார்லுவின் குழுவைக் கண்டு எழுச்சியுற்ற பம்மல் சம்பந்த முதலியார், அவ்வாண்டு ஜூலை முதல் நாள் நண்பர்களுடன் சுகுண விலாச சபையை நிறுவினார். வழக்கறிஞரும் பின்னர் நீதிபதியுமான அவரால், நாடகம் ஆடுவது கண்ணியமான குடும்பத்தாருக்கும் தகும் என்ற நிலை பிறந்தது. அது சிறிய தொண்டன்று. இடம் பொருள் பாராது கம்பெனி நடிகர்கள் பாட்டை நீட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர் பாட்டைக் குறைத்து உரைநடைக்கு முதலிடம் தந்ததிலும் நியாயம் உண்டு. அவருடைய ‘சபாபதி’ வசனத்தாலேயே சிரிக்க வைத்தது. 1941-இல் திரைப்படமாகவும் வெற்றி பெற்றது. களை எடுக்கப் புகுந்த கைதான் அது. ஆனால் அடுத்து வந்தவர்கள் களையோடு பயிரையும் சேர்த்தே பிடுங்கினர்.

விடுதலைக்குப் பின் சென்னைச் சபாக்களில் எழுந்த நாடக அலையை நடத்தியவர்களிலும் அலுவலகப் பணியாளர் பலர். கே. பாலசந்தர் கணக்காயர் அலுவலகத்தில் இருந்தவர். நாகேஷ் இரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர்கள் பேச்சுத் தமிழின் விரைவையும் நடுத்தர வீட்டின் கவலையையும் மேடைக்குக் கொணர்ந்து பெருஞ்சாதனை புரிந்தனர். ஆனால் பாட்டு முற்றும் திரைப்படத்துக்குச் சென்றுவிட்டது. சிரிப்புக்குச் சபா, பாட்டுக்குச் சினிமா என்று பாகப்பிரிவினை முடிந்தது.

இதனால் நமக்கு நேர்ந்த இழப்பு

இப்பிரிவினையால் தமிழ்நாட்டில் இருப்பவருக்குப் பெரு நட்டம் இல்லாதிருக்கலாம். வெளியே வாழும் நமக்கு நட்டம் உண்டு. வசன நகைச்சுவை பெரும்பாலும் சிலேடையையும் வட்டார வழக்கையும் நம்பியது. சென்னையின் பேருந்தையும் ரேஷன் கடையையும் அரசியலையும் அறிந்தவருக்கே அது பளிச்சென்று விளங்கும். புணேயில் பிறந்து, பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் கேட்கும் நம் குழந்தைகள், பெரியவர் சிரித்த பின்னர் ‘என்ன சொன்னார்?’ என்று கேட்கிறார்கள். விளக்கிச் சொன்ன துணுக்கு ஆறிய காப்பிக்குச் சமம். நாளடைவில் அவர்கள் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். பின்வரிசை நாற்காலிகள் அதற்குச் சாட்சி.

பாட்டோ எழுத்தறியாத வாயிலும் ஏறும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும் நான்கு நாள் கேட்டால் ஒரு சிந்தைப் பிழையின்றிப் பாடிவிடும். றகரமும் ழகரமும் சந்தத்தோடு சேர்ந்து நாவில் படியும். பலராமர் ஏமாறுவதற்கும் சிங்கன் ஐயுறுவதற்கும் அகராதி வேண்டியதில்லை. நிலைமையில் பிறக்கும் சிரிப்பும், செவியில் தங்கும் பாட்டும் சேர்ந்த நாடகமே வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் வளரும் தலைமுறைக்குத் தமிழை ஊட்டத் தக்க பாத்திரம் என்பது நம் கருத்து.

செய்ய முடியுமா என்ற ஐயம் எழலாம். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம செயந்தியையொட்டிப் பாகவத மேளா நடைபெறுகிறது. கோணங்கி ஆடித் தொடங்கி வைக்கும் அந்த இசை நாடகங்களில் நடிப்பவர் பலர் வெளியூர்களில் வேறு தொழில் பார்ப்பவர்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து வேடம் கட்டுகிறவர்கள். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

தொடக்கத்துக்குப் பெரியது வேண்டா. ஒன்றரை மணி நேரம், பத்துப் பன்னிரண்டு பாட்டு, பழகிய சிந்து மெட்டுகளும் கும்மி மெட்டுகளும், ஒரு ஹார்மோனியம், ஒரு மிருதங்கம் போதும். சிங்கன் சிங்கி உரையாடலையே தனிக் காட்சியாக எடுக்கலாம். சகஜி காட்டிய வழியில் புதிதாகவும் ஒன்று எழுதலாம். மராத்தி பேசும் அண்டை வீட்டம்மாள், இந்தியில் விலை சொல்லும் காய்காரர், ஆங்கிலத்தில் விடை சொல்லும் பேரன், தமிழை விடாப்பிடியாய்ப் பேசும் பாட்டி ஆகிய நால்வரும் ஒரே முற்றத்தில் பாடிக்கொண்டால் அது நம் காலத்துப் பஞ்சபாஷா விலாசம் ஆகாதா? முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் குடியேறிய ஒரு மராட்டியக் குடும்பம் தன் பன்மொழி வாழ்க்கையைப் பாட்டாக்கிச் சிரித்தது. மராட்டியத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களாகிய நாம் அந்தக் கடனைத் திருப்பித் தர ஒரு மாலையும், மனமொத்த பன்னிருவரும், வாரத்துக்கு இரண்டு ஒத்திகையும் போதுமானவை.